ஆடிப்பட்டத்துக் கொடிக்காய்: பூக்கிறது, பிஞ்சு நிற்கவில்லையா?

மாடியில் சுரை, பீர்க்கை, புடலை போடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்கிறார்கள். கொடி நன்றாகப் படரும், பூவும் நிறையப் பூக்கும், பிஞ்சு மட்டும் சுண்டுவிரல் அளவில் மஞ்சளாகி உதிர்ந்துவிடும். எங்கள் மாடியிலும் அதே கதைதான். உரத்தை மாற்றினோம், தண்ணீரைக் குறைத்தோம். கடைசியில் கடிகாரத்தைப் பார்த்துத்தான் சரியானது. அந்த விஷயத்துக்கு வருவதற்கு முன் மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1. விதைப்பு. ஆடிப்பெருக்கை ஒட்டிப் போட்டுவிடுங்கள். ஆவணிக் கடைசியில் பூவைப் பார்க்கலாம், புரட்டாசியில் காய் பறிக்கலாம். ஐப்பசி அடைமழை பிடிக்கும்போது கொடி பாதி வேலையை முடித்திருக்கும். ஆவணி தாண்டிப் போட்டால் பூக்கிற நேரமும் மழை நேரமும் ஒன்றாகிவிடும். பாகல், பீர்க்கை விதைகளுக்கு ஓடு தடிப்பு. ஒரு ராத்திரி ஊறவைத்து ஊன்றுங்கள்.

2. தொட்டியும் மண்ணும். செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மக்கிய எரு மூன்றும் சம அளவு, ஒரு கை வேப்பம்பிண்ணாக்கு. நார்க்கழிவை இரண்டு மூன்று தண்ணீர் விட்டு அலசிப் பிழியுங்கள், உப்பு போக வேண்டும். மெல்லிய குரோ பேக் எனக்குப் பிடிக்காது, வெயிலில் சீக்கிரமே நைந்துவிடும். 20 லிட்டர் பெயின்ட் வாளியை நன்றாகக் கழுவி, அடியில் ஓட்டை போட்டு, செங்கல் மேல் தூக்கி வையுங்கள். ஒரு வாளிக்கு ஒரு கொடி போதும்.

3. நுனி கிள்ளுதல். கொடி பந்தல் ஏறியதும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். குறிப்பாகச் சுரையில் பக்கக் கிளைகளில்தான் பெண் பூ அதிகம் வரும். யூரியா பக்கம் போகவே வேண்டாம். இலை யானைக் காது மாதிரி விரியும், காய் இருக்காது.

4. மகரந்தச் சேர்க்கை. முதலில் வருவதெல்லாம் ஆண் பூ. அது உதிர்வதுதான் இயல்பு, பதற வேண்டாம். பெண் பூவின் அடியில் குட்டிக் காய் ஒட்டிக்கொண்டே வரும். பீர்க்கையில் ஆண் பூ கொத்தாகவும் பெண் பூ தனியாகவும் இருக்கும்.

சிக்கல் எங்கே என்றால், சுரை, பீர்க்கை, புடலை மூன்றும் பொழுது சாய்ந்த பிறகு மலர்கிற பூக்கள். மறுநாள் வெயில் ஏறுவதற்குள் சுரைப்பூ துவண்டு தொங்கிவிடும். பகலில் சுற்றும் தேனீயால் இவற்றுக்குப் பெரிய பிரயோஜனம் இல்லை. ராத்திரி வருகிற அந்துப்பூச்சிதான் வேலையைச் செய்ய வேண்டும், நகரத்து மூன்றாவது மாடிக்கு அது எத்தனை வந்துவிடப் போகிறது? நீங்கள் காலை காபியோடு மாடி ஏறும்போது நேரம் கடந்திருக்கும்.

அதனால் மாலை ஆறு மணிக்கு மேல் போங்கள். அன்று மலர்ந்த ஆண் பூவைக் காம்போடு பறித்து, இதழ்களை உரித்துவிடுங்கள். நடுவில் இருக்கும் மகரந்தத்தை விரலால் தொட்டால் மஞ்சள் பொடி ஒட்ட வேண்டும், ஒட்டவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். பிறகு பெண் பூவின் நடுவே இருக்கும் ஈரப்பசையுள்ள சூல்முடியில், எல்லாப் பக்கமும் படும்படி மெதுவாகத் தடவுங்கள். பிரஷ், காது குடையும் பஞ்சு எதுவும் தேவையில்லை. பாதி மகரந்தம் பஞ்சிலேயே நின்றுவிடும். தூறல் வருகிற மாதிரி இருந்தால் பூவின் மேல் ஒரு காகிதக் கூம்பைக் கவிழ்த்துவிடுங்கள்.

இரண்டு மூன்று நாளில் பிஞ்சு பருக்க ஆரம்பித்தால் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

பிற்சேர்க்கை: பாகலுக்கு மாலையில் செய்து பலிக்கவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். பலிக்காது. பாகல், பூசணி, வெள்ளரி எல்லாம் விடியற்காலைப் பூக்கள். பத்து மணிக்குள் முடித்துவிட வேண்டும். நுரைப்பீர்க்கும் காலையில்தான், பீர்க்கைதானே என்று மாலை வரை காத்திருக்காதீர்கள்.

இன்னொன்று: பிஞ்சு நின்ற பிறகு கோணலாகி, அறுத்தால் உள்ளே புழு இருந்தால் அது பழ ஈயின் வேலை. மாமரத்துக்கு வாங்கிய, வாசனை காட்டி ஈயை இழுக்கும் மெத்தில் யூஜினால் பொறியைத் தொங்கவிட்டும் ஈ விழவில்லை என்று சிலர் கேட்டார்கள். கொடிக்காயைக் குத்தும் ஈ வேறு வகை, அது அந்த வாசனைக்கு வராது. இதற்கான வாசனை மருந்து வேறு, கடையில் 'க்யூலூர்' என்று கேட்டு வாங்குங்கள். புழு விழுந்த காய்களைத் தொட்டியிலேயே போட்டு மக்கவிடாதீர்கள், புழு மண்ணுக்குள் போய்க் கூடு கட்டும். கவரில் இறுக்கிக் கட்டி இரண்டு நாள் நல்ல வெயிலில் போட்டுவிட்டு அப்புறம் எறியுங்கள்.