முதல் ஆர்.சி. கார்: தேர்வு, பேட்டரி, பராமரிப்பு

பொம்மைக் கடையில் கிடைக்கும் ரிமோட் காருக்கும் பொழுதுபோக்காளர்கள் ஓட்டும் ஹாபி தர ஆர்.சி. (ரேடியோ கட்டுப்பாட்டு) காருக்கும் உள்ள வேறுபாடு வேகம்தான் என்று புதியவர்கள் பலர் எண்ணுகிறார்கள். உண்மையான வேறுபாடு திருப்புளியைக் கையில் எடுக்கும்போதுதான் விளங்கும். பொம்மைக் காரில் பெரும்பாலும் ஒரே மின்சுற்றுப் பலகையே எல்லா வேலையையும் செய்வதால், அது கெட்டால் காரும் முடிந்துபோகிறது. ஹாபி தரக் காரிலோ மோட்டார், அதற்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் ஈ.எஸ்.சி. என்ற வேகக் கட்டுப்படுத்தி, முன்சக்கரங்களைத் திருப்பும் சர்வோ, ரிமோட்டின் கட்டளையை வாங்கும் ரிசீவர், பேட்டரி ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியே கழற்றி மாற்றத்தக்கவை. இந்தக் கார்கள் நிச்சயம் உடையும். உடைந்ததை மாற்றி மீண்டும் ஓட்டுவதும் இந்தப் பொழுதுபோக்கில் அடங்கும்.

ஆகவே, வாங்குவதற்கு முன் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். மோதலில் பெரும்பாலும் முதலில் உடைவது முன்சக்கரத்தைக் காரின் அடிச்சட்டத்தோடு (சேஸிஸ்) இணைக்கும் கீழ் சஸ்பென்ஷன் ஆர்ம். நீங்கள் விரும்பும் மாடலுக்கு அந்த ஒரு பாகம் உங்களுக்கு எளிதாகவும் விரைவாகவும் கிடைக்குமா என்று தேடுங்கள். கிடைக்காதென்றால், பெட்டியின் மேல் எத்தனை பெரிய வேக எண் அச்சிடப்பட்டிருந்தாலும் அந்த மாடலை விட்டுவிடுவது நல்லது.

அடுத்த கேள்வி, எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்பது. தரையிலிருந்து சில மில்லிமீட்டர் உயரமே உள்ள சாலைக் கார் வழவழப்பான தார்ப்பரப்பில் அழகாக ஓடும். புல்லிலும் சரளைக்கல்லிலும் அது நகராது. மண், புல், மேடுபள்ளம் எல்லாம் கலந்த இடமென்றால் பக்கி, ஷார்ட் கோர்ஸ் டிரக், மான்ஸ்டர் டிரக் ஆகிய வகைகள் பொருந்தும். பாறைகளின் மேல் மெல்ல ஏறும் கிராலர் தனி ரசனை; அதற்கு வேகம் தேவையில்லை, பொறுமைதான் தேவை. அளவைப் பொறுத்தவரை, பாகங்களும் டயர்களும் மிக அதிகமாகக் கிடைப்பது 1/10 அளவில்தான், அதாவது உண்மையான வண்டியின் பத்தில் ஒரு பங்கு அளவில்தான். முதல் காருக்கு 1/10 ஷார்ட் கோர்ஸ் டிரக்கையே நான் பரிந்துரைப்பேன், ஏனென்றால் சக்கரங்களை ஒட்டி நீண்டிருக்கும் அதன் பாடியும் பம்பரும் புதியவரின் மோதல்களில் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்கின்றன.

ஓடத் தயார் நிலையில் வரும் ஆர்.டி.ஆர். கார்களும், நாமே பூட்டிக்கொள்ளும் கிட் கார்களும் உண்டு. டாமியா நிறுவனம் 1976ஆம் ஆண்டு தன் முதல் ஆர்.சி. காரான போர்ஷே 934ஐ வெளியிட்டதும் கிட் வடிவில்தான். ஒரு முறை முழுவதும் பூட்டியவருக்குப் பின்னாளில் எந்தப் பழுதும் அச்சமூட்டாது. ஆனால் கிட்டுடன் கையில் பிடிக்கும் ரிமோட்டான டிரான்ஸ்மிட்டர், சர்வோ, பேட்டரி, சார்ஜர் ஆகியவை பெரும்பாலும் வருவதில்லை என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். மோட்டாரில் கார்பன் பிரஷ் உள்ள வகை மலிவானது, தொடக்கத்துக்குப் போதுமானது. பிரஷ்லெஸ் வகை அதிக வேகமும் நீண்ட ஆயுளும் தரும், ஆனால் அந்த வேகத்தைக் கட்டுப்படுத்தக் கை பழகியிருக்க வேண்டும்.

பேட்டரியில் மட்டும் எந்த அலட்சியமும் கூடாது. 7.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி தவறுகளை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். லித்தியம் பாலிமர், அதாவது லிபோ, எடை குறைவாகவும் வலு அதிகமாகவும் இருந்தாலும், தவறாகக் கையாண்டால் தீப்பிடிக்கும். அதன் ஒவ்வொரு செல்லும் முழு சார்ஜில் 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் செல் பழுதாகிவிடும். எனவே லிபோவை மாட்டும் முன் ஈ.எஸ்.சி. லிபோ முறையில் உள்ளதா என்று கையேட்டைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். அந்த முறையில்தான் அது உரிய நேரத்தில் மோட்டாரை நிறுத்தி பேட்டரியைக் காக்கும். சார்ஜரில் பேட்டரியின் வகையையும் செல் எண்ணிக்கையையும் சரியாகத் தேர்ந்து, செல்களைச் சமமாக சார்ஜ் செய்ய உதவும் பேலன்ஸ் இணைப்பையும் மாட்டி, தீப்பற்றாத பரப்பின் மேல் வைத்து, அருகிலேயே இருந்து சார்ஜ் செய்ய வேண்டும். 5000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரிக்கு 5 ஆம்பியர் என்பது பாதுகாப்பான சார்ஜ் வேகம். சில நாட்கள் ஓட்டப் போவதில்லை என்றால் செல்லுக்கு ஏறத்தாழ 3.8 வோல்ட் அளவில் வைத்திருங்கள். உப்பிய பேட்டரியை மீண்டும் பயன்படுத்தவே கூடாது.

ஓட்டும்போது முதலில் டிரான்ஸ்மிட்டரையும் பிறகு காரையும் இயக்குங்கள்; நிறுத்தும்போது முதலில் காரை, பிறகு டிரான்ஸ்மிட்டரை. முறை மாறினால் கட்டளையில்லாத கார் தானே பாய்ந்துவிட வாய்ப்புண்டு. சக்கரங்கள் தரையில் படாதபடி காரைத் தூக்கி வைத்து, இடம் வலம் சரியாகத் திரும்புகிறதா, டிரான்ஸ்மிட்டரின் வேக விசையை விட்டதும் மோட்டார் நிற்கிறதா என்று பாருங்கள். கார் உங்களை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறித் தோன்றும்; ஆளில்லாத திறந்தவெளியில் மெல்ல எட்டு வடிவத்தில் ஓட்டிப் பழகுவதே இதற்கு மருந்து. சுமார் 2 கிலோ எடையுள்ள டிரக் வேகமாக வந்து கணுக்காலில் மோதினால் எலும்பே முறியலாம் என்பதால், பொதுச்சாலையும் கூட்டமும் அறவே வேண்டாம்.

ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் தூசியைத் துலக்கி, திருகுகளைச் சரிபாருங்கள். உலோகத்துக்குள் செல்லும் திருகுகளுக்கு மட்டும் அவை தளராமல் பிடிக்கும் திரெட்லாக் பசையை ஒரு துளி இடலாம். பிளாஸ்டிக்கில் பட்டால் அது விரிசலை உண்டாக்கக்கூடும். மோட்டாரின் பினியன் பல்சக்கரத்துக்கும் அது சுழற்றும் ஸ்பர் சக்கரத்துக்கும் இடையே ஒரு மெல்லிய காகிதத் துண்டைச் செருகி, இரண்டையும் நெருக்கி மோட்டாரை இறுக்கிய பின் காகிதத்தை உருவிவிட்டால் சரியான இடைவெளி கிடைக்கும். இடைவெளி மிகுந்தால் பற்கள் சிதையும். குறைந்தால் மோட்டார் சூடாகும். மின்பாகங்கள் நீர் புகாதவை என்று எழுதியிருந்தாலும் பேரிங்குகள் துருப்பிடிக்கும், ஆகவே ஈரத்தில் ஓட்டிய நாளிலேயே உலர்த்தி எண்ணெயிட வேண்டும்.

உடைந்த பிளாஸ்டிக் ஆர்முக்குப் பதிலாகப் பளபளக்கும் அலுமினிய ஆர்மை மாட்டத் தோன்றும். அதை நான் விரும்புவதில்லை. வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக் உறிஞ்சிக்கொள்ளும் அதிர்ச்சியை அலுமினியம் அப்படியே சேஸிஸை ஒட்டியுள்ள பாகங்களுக்குக் கடத்திவிடும்; அவற்றை மாற்ற முன்பகுதி முழுவதையும் பிரிக்க நேரும். அந்தப் பணத்தில் இரண்டு ஜோடி பிளாஸ்டிக் ஆர்ம்களும் ஒரு நல்ல ஆலன் சாவித் தொகுப்பும் வாங்கிக்கொள்ளுங்கள்.