சொந்த வீட்டில் விருந்தாளியாகாமல் நாலு நாள் இருப்பது எப்படி?

சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்த்துவிட்டு, அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி என்று தாமிரபரணிக் கரை ஊர்களுக்கு விடுமுறையில் வருகிறவர்களில் பலர், வந்த களைப்பைவிடக் கூடுதல் களைப்போடுதான் திரும்ப ரயிலேறுகிறார்கள். ஊர் மாறிப்போய்விட்டது என்று அவர்கள் சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் நான் பார்த்தவரையில் பெரும்பாலான வீடுகளில் காரணம் வேறு. பிள்ளை வந்து இறங்கிய நிமிடத்திலிருந்து புறப்படும்வரை வீடு தன் அன்றாடத்தை விட்டுவிட்டு விருந்து நடத்திக்கொண்டிருக்கிறது. அம்மா விடியுமுன்னே அடுப்படியில் நிற்கிறார், அப்பா கறிக்கும் காய்க்கும் கடைக்கு அலைகிறார், வந்த பிள்ளை பட்டாசலில், அதாவது கூடத்தில், உட்கார்ந்து கைப்பேசியைப் பார்க்கிறது. நாம் தேடிப் போகும் அமைதி அந்த வீட்டின் சாதாரண நாளுக்குள்தான் இருக்கிறது என்பதால், அந்த நாள் கலையாமல் பார்த்துக்கொள்வதே முதல் வேலை.

இதற்குப் பொங்கலும் தீபாவளியும் ஏற்ற நாட்கள் ஆகமாட்டா. பண்டிகைக்குப் பண்டிகைக்காகப் போங்கள். ஓய்வுக்கு வேறொரு பயணம் வையுங்கள். 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது என்பதால், பண்டிகை இல்லாத ஒரு வாரத்தைத் தேர்ந்தால் நெல்லை எக்ஸ்பிரஸிலோ பொதிகையிலோ இடம் கிடைப்பதும் எளிது. சனி, ஞாயிறோடு இரண்டு வேலை நாட்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் திங்களும் செவ்வாயும்தான் வீடு அதன் இயல்பில் இருக்கும். ஆனி, ஆடியில் பொதிகை மலைப் பக்கமிருந்து சாரல் காற்று வரும், வயலில் கார் போக நெல் நிற்கும். ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களை மட்டும் தவிர்த்துவிடலாம், காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகும் கூட்டத்தால் பாபநாசம் சாலை நிரம்பிவிடும். அடுத்த போகமான பிசான நெல்லின் அறுவடை முடிந்த நாட்களும் நல்லது. மார்கழி குளிருக்கு இதமானதுதான், ஆனால் விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கி எழுப்பிவிடும்.

புறப்படுவதற்கு முன் வீட்டுக்குப் பேசும்போது, "எதுவும் பெரிதாகச் செய்ய வேண்டாம்" என்று சொல்லிப் பயனில்லை. எந்த அம்மாவும் அதைக் கேட்டதில்லை. அதற்குப் பதிலாக ஓர் எளிய உணவைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் வேண்டும் என்றால், அரிசியும் தோல் நீக்காத உடைத்த உளுந்தும் பூண்டும் வெந்தயமும் தேங்காய்த் துருவலும் ஒரே பாத்திரத்தில் வெந்துவிடும், அடுப்படி வேலை சீக்கிரம் முடியும், கேட்டதைச் செய்துகொடுத்த நிறைவும் அம்மாவுக்கு இருக்கும்.

போய்ச் சேர்ந்த அன்றே வீட்டு வேலைகளில் ஒன்றை உங்களுடையதாக எடுத்துக்கொண்டு, புறப்படும் நாள்வரை அதை விடாமல் செய்யுங்கள். வாசல் தெளிப்பதோ, மோட்டார் போட்டுத் தொட்டி நிறைப்பதோ, சின்ன வெங்காயம் உரிப்பதோ எதுவானாலும் சரி. எனக்குப் பிடித்தது முருங்கைக்கீரை உருவுவது. முந்தின இரவே கொப்புகளைத் துணியில் இறுகச் சுற்றி வைத்துவிட்டால் காலையில் உதறும்போதே பாதி இலை உதிர்ந்துவிடும். மீதியை உருவ அரைமணி நேரம் ஆகும். அந்த அரைமணி நேரத்தில் பக்கத்தில் யார் வந்து உட்காருகிறார்கள் என்று பாருங்கள். எதிரெதிரே உட்கார்ந்து "அப்புறம், சொல்லுங்கள்" என்று கேட்டால் ஒன்றும் சொல்லாத ஆச்சி, இருவர் கண்ணும் முறத்தின் மேல் இருக்கும்போது தானாகவே பேசத் தொடங்குவார். யார் வீட்டுக் கிணறு தூர்ந்தது, எந்தக் கல்யாணத்தில் மழை கொட்டியது என்று எங்கெங்கோ போகும் அந்தப் பேச்சை இடைமறிக்க வேண்டாம், கைப்பேசியில் பதிவு செய்யவும் வேண்டாம். இடையில் அவர் பேசாமல் இருந்தாலும் நீங்களாக எதையாவது சொல்லி நிரப்பாதீர்கள். அப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பதற்காகத்தான் வந்திருக்கிறோம்.

அப்பாக்களுக்கு இந்த முறை பலிக்காது. அவர்களோடு நடக்க வேண்டும். வயல் உள்ள வீடானால் மாலையில் அவர் வாய்க்காலைப் பார்க்கப் போகும்போது கூடப் போங்கள். தாமிரபரணியில் கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன; கன்னடியன் கால்வாயில் தண்ணீர் எப்போது வரும், கடைமடைக்கு ஏன் வந்து சேரவில்லை என்று அவருக்குச் சொல்ல நிறைய இருக்கும். உங்கள் சம்பளத்தையும் வீட்டுக் கடனையும் பற்றிய பேச்சை அந்த நேரத்தில் எடுக்காதீர்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஊரே அடங்கிவிடும். அந்த இரண்டு மணி நேரத்துக்குக் கைப்பேசியை அலமாரியில் வைத்துவிட்டு, தார்சாவில், அதாவது வீட்டு முன்கட்டில், பாயை விரித்துப் படுங்கள். பத்தமடைக் கோரைப்பாய் இருந்தால் வெயில் காலத்திலும் முதுகுக்குக் குளுமையாக இருக்கும். தூக்கம் வராவிட்டாலும் எழுந்துவிட வேண்டாம். இரண்டாம் நாள் பிற்பகலில் சலிப்பு கட்டாயம் வரும், குற்றாலத்துக்குக் கார் எடுக்கலாமே என்று தோன்றும். அந்தச் சலிப்பைப் பொறுத்துக்கொண்டு கடந்தவர்களுக்கு மூன்றாம் நாள் நேரம் மெதுவாகப் போவதே இன்பமாகிவிடுகிறது. ஆற்றுக்குப் போவதென்றால் ஊரார் குளிக்கும் படித்துறையில் மட்டும் இறங்குங்கள். அணையில் தண்ணீர் திறந்திருக்கிறார்களா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

திருமணமான ஆண்களுக்கு ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். நீங்கள் ஓய்வெடுக்க வரும் அதே வீட்டுக்கு உங்கள் மனைவி பெரும்பாலும் வேலை செய்யத்தான் வருகிறார். உங்களுக்கு வாய்க்கும் மதிய உறக்கம் அவர் பாத்திரம் கழுவியதால் கிடைத்ததென்றால் அதில் அமைதி என்று சொல்ல எதுவும் இல்லை. ஒருவேளைச் சமையலையாவது நீங்கள் ஏற்றுக்கொண்டு, அந்த நேரத்தில் அம்மாவையும் மனைவியையும் அடுப்படிக்கு வெளியே இருக்கச் சொல்லுங்கள். விடுமுறை எத்தனை நாளோ, அதில் சரிபாதி மனைவியின் பிறந்த வீட்டுக்கு என்று முன்பே முடிவு செய்துகொள்வது நியாயம்.

அத்தை, பெரியப்பா வீடுகளுக்கு முதல் நாள் மாலையிலேயே போய்வந்துவிட்டால் அடுத்த நாட்கள் கலையாது. நகரத்துக்குத் திரும்பும் நாளில் பெட்டியை முந்தின இரவே கட்டிவிட்டு, காலையில் வழக்கம்போல உங்கள் வேலையைச் செய்யுங்கள். அடுத்து எப்போது வரலாம் என்பதை மட்டும் நீங்களாக முடிவு செய்யாமல் அவர்களிடம் கேளுங்கள். நடவு, அறுப்பு, கோயில் கொடை, ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாள் என்று அவர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அதற்குத் தோதான வாரத்தைக் குறித்துக்கொண்டு வந்து, முன்பதிவு திறக்கும் நாளில் சீட்டு எடுத்துவிடுங்கள்.