டெல்லிப் பயணத்தில் எங்களுக்குப் பொருந்திய படுக்கை

சென்னையிலிருந்து புது டெல்லிக்கு ரயிலில் சுமார் 2,180 கிலோமீட்டர், இரண்டு இரவுகள். முதல் முறை மூன்றடுக்கு ஏசியில் போனோம். விருப்பம் எதையும் குறிக்காமல் டிக்கெட் எடுத்தது என் தவறு. எனக்கு மேல் படுக்கை, என் மனைவிக்கு நடுப் படுக்கை. மூட்டுவலியோடு அவர் அதில் ஏறி இறங்கியதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. இரவு 10 முதல் காலை 6 மணி வரைதான் நடுப் படுக்கையை விரிக்கலாம் என்பதால், பகலில் அவர் முதுகைச் சாய்க்கக்கூட இடமில்லை.

முதல் வகுப்பு ஏசியில் இருவருக்கான கூபே உண்டு. ஆனால் அது கிடைக்குமா, நால்வர் அறையா என்பது பெரும்பாலும் ரயில் புறப்படும் முன் பயணிகள் பட்டியல் (சார்ட்) தயாராகும்போதுதான் தெரியும். அவ்வளவு கட்டணம் கொடுத்துவிட்டுக் காத்திருக்க மனமில்லை.

அடுத்த முறை இரண்டடுக்கு ஏசி. அவருக்குப் பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கை, எனக்கு அதன் மேலே என்று இருவருக்கும் தனித்தனியே விருப்பம் குறித்தேன். அறுபது நாள் முன்பே எடுத்ததால் 11, 12 எண் படுக்கைகள் கிடைத்தன. பகலில் கீழ் இருக்கையில் எதிரெதிரே, ஜன்னல் முழுவதும் எங்களுக்கு! இரவில் திரையை இழுத்துவிட்டால் வேறு யார் தொந்தரவும் இல்லை. நல்ல உயரமானவர்களுக்குக் கால் இடிக்கும்; அவர்கள் உள்பக்கப் படுக்கைகளையே கேட்கட்டும். நாக்பூர் தாண்டியதும் அவர் நிம்மதியாகத் தூங்கிவிட்டார்.