மோட்டார் இல்லாத கீரைப் பெட்டி: என் அனுபவம்

மாடியில் மண்ணில்லாமல் கீரை வளர்க்க ரெடிமேட் கிட் வாங்குவதா, நாமே செய்வதா? எனக்கு முடிவைச் சொன்னது மோட்டார்தான். கிட்டின் குழாய்களில் மோட்டார் தள்ளும் தண்ணீர் மெல்லிய படலமாக ஓடும். சென்னை வெயிலில் கரண்ட் போனால் வேர் சீக்கிரம் காய்ந்துவிடும்.

அதனால் ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி பரப்பிய, மோட்டாரே வேண்டாத முறைக்குப் போனேன். மீன் வரும் தெர்மாகோல் பெட்டி, ஓட்டை போட்ட மூடி, வலைக் கப், தேங்காய் நார்த்தூள், சத்துக் கரைசல், அவ்வளவுதான். செடி உறிஞ்ச உறிஞ்ச நீர்மட்டம் இறங்கும். மேல்வேர் காற்றில் மூச்சு விடும். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே உருவாகும் அந்த இடைவெளியை மறுபடி நிரப்பவே கூடாது.

கரைசலில் பச்சைப் பாசி வந்தது. தெர்மாகோல் வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. உள்ளே கருப்பு பாலித்தீன் விரித்ததும் நின்றது. அப்புறம் எங்கள் போர் தண்ணீர் ஒரே உப்பு; மழைநீரில் கரைசல் கலந்து, பிஹெச் (அமில, காரத் தன்மையின் அளவு) 5.5 முதல் 6.5க்குள் வைத்த பிறகுதான் இலை பச்சையாக விரிந்தது. தக்காளிக்கு இந்தச் சின்னப் பெட்டி போதாது.