மில் சத்தத்தில் நிற்பவர்கள் பிறஷரைக் கவனிப்பது எப்படி

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மிளகாய்த்தூளும் அரிசிமாவும் அரைக்கும் மில் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். வேலைக்கு வரும் பெடியள் எல்லோரும் சொல்வது, "சத்தம் பழகிவிட்டுது அண்ணை." காதுக்குப் பழகலாம். உடம்போ பெரிய சத்தத்தில் அட்ரினலினைச் சுரந்து, இரத்தக் குழாய்களை இறுக்கி, நெஞ்சை வேகமாக அடிக்க வைக்கிறது. வருடக்கணக்கில் இப்படி நின்றால் பிறஷர் ஏற அதுவும் ஒரு காரணமாகலாம். (சுருட்டும் கருவாட்டு உப்பும் சும்மா இருப்பதில்லை, அது வேறு கதை.)

கைநீட்டுத் தூரத்தில் நிற்பவரோடு கத்திக் கதைக்க வேண்டியிருந்தால் சத்தம் 85 டெசிபலைத் தாண்டிவிட்டது என்று வையுங்கள். 85இல் ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம் வரை நிற்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடவும் நேரம் பாதியாகும்: 88இல் 4, 91இல் 2. 100இல் 15 நிமிடம்தான்.

காதுமூடி வாங்க ஓடுவதற்கு முதல் மெசினைப் பாருங்கள். எங்கள் மில்லில் மோட்டாரை விடக் கூடச் சத்தம் போட்டது, நட்டுத் தளர்ந்து ஆடிய தகர மூடி. நட்டை இறுக்கி, மூடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி வைத்தோம். அந்தக் கடகடப்பு நின்றது. பெயாரிங் கீச்சிட்டால் கிறீஸ் பூசி மழுப்பாமல் மாற்றிவிடுங்கள்.

ஆடிப்பிறப்பும் தைப்பொங்கலும் கிட்டினால் மில் இரவு வரை ஓடும். அப்போது மெசினடியில் ஒருவரையே நிற்க விடாதீர்கள். வெளியில் நிறுத்துப் பை கட்டுபவரோடு மாற்றி மாற்றி விடுங்கள்.

காதில் பஞ்சு அடைப்பதால் பெரிய பிரயோசனமில்லை. ஸ்பொஞ்ச் அடைப்பானை மெல்லிசாக உருட்டி, மற்றக் கையால் காதை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, அது உப்பும் வரை அரை நிமிடம் அமத்திப் பிடியுங்கள். மிளகாய் அள்ளிய விரலால் இதைச் செய்தால் என்னவாகும் என்று நான் எழுதத் தேவையில்லை. மிளகாய் அரைக்கும் பக்கம் நிற்பவருக்கு ஹெட்போன் மாதிரிக் காதுமூடிதான் சரி.

பிறஷரை மெசினடியிலிருந்து வந்த சூட்டோடு பார்க்காதீர்கள். தேத்தண்ணியும் சிகரெட்டும் இல்லாமல் அரை மணித்தியாலம் விட்டு, 5 நிமிடம் சாய்ந்திருந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து இரண்டு தரம் பாருங்கள். வேலை நாளிலும் லீவு நாளிலும் பார்த்துக் கொப்பியில் எழுதுங்கள். 140க்கு 90 திரும்பத் திரும்ப வந்தால் கொப்பியோடு ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போங்கள். இன்ன சத்தத்தில் வேலை என்பதை டொக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள்.

நெஞ்சை அமத்தி, வேர்த்து, இடது கையோ தாடையோ உளைந்தால் வாய்வு என்று சோடா குடித்துக்கொண்டு இருக்க வேண்டாம். 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். மெசினை நிற்பாட்டிவிட்டுக் கதையுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பக்கத்துக்கு ஒன்றும் விளங்காது.