டெக் செய்தி படிப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

எம்பி3 செத்துவிட்டது என்று 2017 மே மாதத்தில் பல தளங்கள் தலைப்புப் போட்டன. நடந்தது கிட்டத்தட்ட நேர் எதிர். எம்பி3 உருவானதில் பெரும்பங்கு வகித்த ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம், அதற்கான உரிமம் வழங்குவதை அந்த ஏப்ரலில் நிறுத்தியது. காப்புரிமைகளின் காலம் முடிந்துவிட்டதால் உரிமம் கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை. கட்டணம் கட்டிப் பயன்படுத்த வேண்டியிருந்த ஒரு தொழில்நுட்பம் எல்லோருக்கும் பொதுவானது. ஃபெடோரா லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் எம்பி3-ஐ முழுமையாகச் சேர்த்துக்கொண்டதும் அந்தச் சமயத்தில்தான். ஆனால் அறிவிப்பில், ஏஏசி போன்ற புதிய ஒலிக்கோப்பு வடிவங்கள் இதைவிடத் திறமையானவை என்றும் ஒரு பகுதி இருந்தது. தலைப்பு எழுதியவர்கள் அதை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

கணினி, கேம், இசை என்று மூன்று பக்கமும் செய்தி படிக்கிறவர்கள் இப்படிப்பட்ட இடங்களில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். இந்தச் செய்திகளில் பச்சைப் பொய் குறைவு. பெரும்பாலும் ஒரு நிபந்தனைக்கு உட்பட்ட உண்மை இருக்கும். அந்த நிபந்தனை தலைப்பில் ஏறாது. யார் அளந்தது, எந்த இயந்திரத்தில், எந்த செட்டிங்கில் என்று தேடாமல் முடிவெடுப்பதுதான் மற்ற எல்லாத் தவறுகளுக்கும் மூலம்.

கிராபிக்ஸ் கார்டு செய்திகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஜனவரியில் சிஇஎஸ் தொழில்நுட்பக் கண்காட்சி மேடையில், கிராபிக்ஸ் கார்டு நிறுவனமான என்விடியாவின் தலைமைச் செயல் அதிகாரி ஜென்சன் ஹுவாங், புதிய 5070 கார்டு பழைய 4090-இன் செயல்திறனைத் தரும் என்றார். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விலையில்! செயற்கை நுண்ணறிவு இல்லாமல் இது சாத்தியமில்லை என்று அவரே கூடவே சொன்னார். முழு விஷயமும் அந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் இருக்கிறது. அந்த ஒப்பீடு நின்றது என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் 4 மென்பொருள் தரும் மல்டி ஃபிரேம் ஜெனரேஷனை நம்பி. கார்டு உண்மையில் வரைந்த ஒரு ஃபிரேமுக்கு (திரையில் தோன்றும் ஒரு படத்துக்கு), ஏஐ மாடல் மூன்று ஃபிரேம்கள் வரை ஊகித்து இடையில் சொருகும். முந்தைய தலைமுறைக் கார்டுகளால் ஒன்றைத்தான் சொருக முடியும்.

திரையில் எண்ணிக்கை ஏறுவது உண்மை. ஆனால் உங்கள் மவுஸ் அசைவு, பட்டன் அழுத்தம் எல்லாம் கேமுக்குள் போவது உண்மையான ஃபிரேம்களில் மட்டும். நொடிக்கு 30 ஃபிரேம் வரைந்து அதை 120 ஆக்கினால், கண்ணுக்கு 120 தெரியும், கைக்கு 30 ஆகத்தான் உணரும். சொல்லப்போனால் இன்னும் கொஞ்சம் மந்தமாக உணரும். நடுவில் சொருகுவதற்கு அடுத்த ஃபிரேம் தயாராகும்வரை காத்திருக்க வேண்டுமே. மெமரியைப் பார்த்தாலும் 5070-இல் இருப்பது 12 ஜிபி, 4090-இல் 24 ஜிபி. பெரிய டெக்ஸ்சர்களோடு 4கே-யில் ஓடும் கேம்களில் இந்த இடைவெளியை எந்த மாடலும் ஊகித்து நிரப்பாது.

இதனால் ஃபிரேம் ஜெனரேஷனே ஏமாற்று வேலை என்று முடிவு கட்டுவதும் தவறுதான். ஏற்கெனவே 60 ஃபிரேம் வரும் தனியாள் கேமை, வேகமான மானிட்டரில் இன்னும் வழவழப்பாகப் பார்க்க அது அருமையான வசதி. போட்டி விளையாட்டுகளுக்குத்தான் அது பொருந்தாது. விமர்சனம் படிக்கும்போது ஃபிரேம் ஜெனரேஷன் இல்லாத எண்ணைத் தேடுங்கள். அதோடு, சராசரியை மட்டும் பார்க்காமல் "1 சதவீத லோ" (மிக மந்தமாக ஓடிய 1 சதவீத ஃபிரேம்களின் வேகம்) என்று போடும் எண்ணையும் பாருங்கள். கேம் திக்கித் திக்கி ஓடுகிறதா என்பது அதில்தான் தெரியும்.

ஒரே ஒரு எண்ணைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் இன்று நேற்று வந்ததில்லை. இன்டெல்லின் பென்டியம் 4 காலத்தில், ப்ராசசர் நொடிக்கு எத்தனை சுழற்சி ஓடுகிறது என்று சொல்லும் கிகாஹெர்ட்ஸ்தான் எல்லாம். 4 கிகாஹெர்ட்ஸ் ப்ராசசர் வரப்போவதாகச் சொன்ன இன்டெல் 2004-இல் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. 2006-இல் வந்த அதே நிறுவனத்தின் கோர் 2 டுவோ, 3 கிகாஹெர்ட்ஸுக்கும் குறைவாக ஓடிக்கொண்டே 3.8 கிகாஹெர்ட்ஸ் பென்டியத்தை முந்தியது. ஒரு சுழற்சியில் எவ்வளவு வேலை முடிகிறது என்பதில் இருந்தது வித்தியாசம். இப்போது அந்த இடத்தில், சிப் தயாரிப்பு முறைக்கு வைக்கும் நானோமீட்டர் எண் உட்கார்ந்திருக்கிறது. 2021 ஜூலையில் இன்டெல் தன் 10 நானோமீட்டர் தயாரிப்பு முறையின் மேம்பட்ட வடிவத்துக்கு "இன்டெல் 7" என்று பெயர் மாற்றியது. சிப்புக்குள் எதுவும் 7 நானோமீட்டராகச் சுருங்கவில்லை. எந்த நிறுவனமாக இருந்தாலும் இந்த எண்கள் இன்று வெறும் பெயர்கள்தான். ஒருவருடைய 5-ஐ இன்னொருவருடைய 7-உடன் ஒப்பிட்டு வாதாடுவதில் பயனில்லை.

யுஎஸ்பி-யிலும் அதே கதை. 3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 மூன்றும் ஒரே 5 கிகாபிட் வேகம்தான். பெட்டியில் பதிப்பு எண்ணை விட்டுவிட்டு வேகத்தைத் தேடுங்கள். சேமிப்பு டிரைவான எஸ்எஸ்டி-யில் நொடிக்கு 7,000 எம்பி என்று எழுதியிருப்பது பெரிய கோப்பை வரிசையாகப் படிக்கும் வேகம். கணினி திறப்பதும் கேம் லோடு ஆவதும் பெரும்பாலும் சின்னச் சின்னத் துண்டுகளைப் படிக்கும் வேலை. அங்கே நல்ல எஸ்எஸ்டி-களுக்கு இடையிலான வித்தியாசம் கண்ணுக்கே தெரியாமல் போகலாம்.

கேம் விமர்சனங்களில் நடக்கும் தவறு கொஞ்சம் வேறு மாதிரி. மதிப்பெண்ணைப் பார்க்கிறோம், எந்த மெஷினில் விளையாடிப் போட்ட மதிப்பெண் என்று பார்ப்பதில்லை. 2020 டிசம்பர் 10 அன்று வெளியான சைபர்பங்க் 2077 இதற்கு என்றைக்கும் சொல்லத்தக்க உதாரணம். வெளியீட்டுக்கு முன்னால் விமர்சகர்களுக்குக் கிடைத்தது பிசி பதிப்பு மட்டும். கேமை உருவாக்கிய நிறுவனம் கொடுத்த வீடியோ காட்சிகளைத்தான் முதலில் காட்டலாம் என்றும் நிபந்தனை இருந்தது. அதை வெளிப்படையாக எழுதிய விமர்சகர்களும் உண்டு. ஆனால் மதிப்பெண் மட்டும் தனியாகப் பரவி, பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் வைத்திருந்தவர்கள் அதை நம்பி முன்பதிவு செய்தார்கள். அந்தக் கன்சோல்களில் கேம் ஓடிய நிலையைப் பார்த்து, சோனி ஒரு வாரத்திலேயே தன் ஸ்டோரிலிருந்து அதை எடுத்துவிட்டது. திரும்பி வந்தது 2021 ஜூனில்.

அப்புறம் அந்த கேம் தொடர்ந்து திருத்தப்பட்டு வெகுவாக மேம்பட்டது. 2016-இல் கடும் ஏமாற்றத்தோடு தொடங்கிய நோ மேன்ஸ் ஸ்கையும் அப்படித்தான். ஆகவே இன்று வாங்கப் போகிறவர் வெளியீட்டு நாள் விமர்சனத்தைப் படித்து ஒதுக்குவதும் பிழை. விமர்சனத்தில் மெஷினையும் தேதியையும் சேர்த்துப் படியுங்கள். டிஜிட்டல் கேமைப் பொறுத்தவரை முன்பதிவில் எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை. டவுன்லோடு தீர்ந்துபோகிற பொருள் அல்ல. ஸ்டீம் என்ற பிசி கேம் ஸ்டோரில் 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். 2015 முதல் இருக்கும் இந்த வசதியைப் பலரும் பயன்படுத்துவதே இல்லை.

அறிவிப்பையும் பொருளையும் ஒன்றாக நினைப்பது அடுத்த தவறு. ஹாலோ நைட்: சில்க்ஸாங் என்ற கேம் 2019 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. அடுத்த 12 மாதங்களில் விளையாடலாம் என்ற வாக்குறுதியோடு 2022 ஜூனில் எக்ஸ்பாக்ஸ் நிகழ்ச்சியில் காட்டப்பட்டது. கைக்கு வந்தது 2025 செப்டம்பரில். அதே செப்டம்பரில்தான் இசைச் சேவையான ஸ்பாட்டிஃபையின் லாஸ்லெஸ் (தரம் எதையும் இழக்காமல் ஒலியைத் தரும்) வசதியும் வரத் தொடங்கியது. அதை "ஹைஃபை" என்ற பெயரில், அந்த வருடத்திலேயே தருவோம் என்று 2021 பிப்ரவரியில் சொல்லியிருந்தார்கள். நல்ல கேமுக்குக் காத்திருப்பதில் தவறில்லை. வரப்போகும் வசதியை நம்பி இன்றே சந்தா கட்டுவதும் கருவி வாங்குவதும்தான் தவறு.

லாஸ்லெஸ் என்று வந்துவிட்டதால் இசைப் பக்கத்தைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். குழப்பம் அதிகமாக இருப்பது இங்கேதான். 1982-இல் சிடி வந்தபோது வைத்த அளவு 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட். ஒரு நொடிக்கு 1,411 கிலோபிட். 44.1 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 44,100 முறை, மாதிரி எடுத்தால் சுமார் 22 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை முழுமையாக மீட்டெடுக்கலாம்; மனிதக் காதின் எல்லை 20 கிலோஹெர்ட்ஸ், வயது ஏற ஏற அதுவும் குறையும். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்பது ஸ்டுடியோவில் பதிவு செய்து கலக்கிறவர்களுக்கு உதவும். கேட்கிறவருக்கு அது பெரும்பாலும் பெரிய கோப்பு, அவ்வளவுதான்.

சரி, சிடி தரத்திலேயே லாஸ்லெஸ் சந்தா எடுத்துவிட்டீர்கள். எதில் கேட்கிறீர்கள்? புளூடூத் ஹெட்போன் என்றால், அங்கே ஒலி பெரும்பாலும் மறுபடி தரம் குறையச் சுருக்கப்படுகிறது. புளூடூத்துக்கான சோனியின் எல்டிஏசி சுருக்கமுறை கூட நொடிக்கு அதிகபட்சம் 990 கிலோபிட்தான். 1,411 அதில் நுழையாது. 2021 ஜூனில் ஆப்பிள் மியூசிக் லாஸ்லெஸ் கொடுத்தபோது, ஆப்பிளின் சொந்த ஏர்பாட்ஸ் மேக்ஸ் ஹெட்போனிலேயே அதை அப்படியே கேட்க வழியில்லை. அதற்காக வருத்தப்படவும் வேண்டாம். நல்ல ஏஏசி சுருக்கத்தில் கேட்கும் பாட்டு இனிமையாகவே இருக்கும். சந்தாவுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் முன், ஹெட்போன் வரைக்கும் முழுப் பாதையையும் ஒருமுறை சரிபாருங்கள்.

இரண்டு சேவைகளையோ இரண்டு ஹெட்போன்களையோ மாற்றி மாற்றிக் கேட்டு, இதுதான் உசத்தி என்று சொல்வதிலும் ஒரு பொறி இருக்கிறது. கொஞ்சம் சத்தமாக ஒலிப்பது நம் காதுக்குச் சிறந்ததாகத் தோன்றும். ஒலியளவைச் சமன்செய்யாத எந்த ஒப்பீடும் செல்லாது. தயாரிப்பாளர்களுக்கு இது நன்றாகவே தெரியும். அதனால்தான் பல வருடங்களாக, மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளியை நசுக்கி நசுக்கிப் பாடல்களின் சத்தத்தை ஏற்றினார்கள். 2008-இல் மெட்டாலிகா ராக் இசைக்குழுவின் டெத் மேக்னெட்டிக் ஆல்பம் வந்தபோது ஒரு விசித்திரம் நடந்தது. அதே பாடல்கள் கிட்டார் ஹீரோ 3 கேமிலும் கிடைத்தன. கேமில் இருந்தவை கடைசிக்கட்ட நசுக்கலுக்கு முந்தைய பதிவுகள். டிரம்ஸ் அடி தனித்துத் தெளிவாகக் கேட்கிறது என்று ரசிகர்கள் சிடி-யை விட்டுவிட்டு கேமிலிருந்து பாடல்களை எடுத்துக் கேட்டார்கள்! பிட், கிலோஹெர்ட்ஸ் எண்களைவிட மாஸ்டரிங் (வெளியிடும் முன் ஒலியைச் செதுக்கும் கடைசிக்கட்ட வேலை) எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. பழைய ஆல்பம் ஒன்றின் "ரீமாஸ்டர்" வந்திருக்கிறது என்ற செய்தியைப் பார்த்ததும் பழைய பதிப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சில ரீமாஸ்டர்கள் சத்தத்தை மட்டும் கூட்டியவை.

விற்பனைச் செய்திகளையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2022-இல் அமெரிக்காவில் வினைல் தட்டுகள் 1987-க்குப் பிறகு முதல் முறையாக எண்ணிக்கையில் சிடி-யைத் தாண்டின. சுமார் 4.1 கோடிக்கு 3.3 கோடி. அதே வருடம் அங்கே இசை வருமானத்தில் 84 சதவீதம் ஸ்ட்ரீமிங். முதல் பாதியை மட்டும் படித்தவருக்கு உலகமே வினைலுக்குத் திரும்பிவிட்டதாகத் தோன்றும். கேமில், "கடைகளுக்கு அனுப்பியது", "விற்றது", "விளையாடியவர்கள்" மூன்றும் மூன்று வெவ்வேறு எண்கள். சந்தா சேவையில் எட்டிப் பார்த்தவரும் மூன்றாவதில் சேர்ந்துவிடுவார்.

கடைசியாக, வாங்கிய பொருள் நம்முடையது என்று நினைத்துக்கொள்வது. யூபிசாஃப்டின் தி க்ரூ கார் பந்தய கேமின் சர்வர்கள் 2024 மார்ச் 31 அன்று மூடப்பட்டன. தனியாக ஓட்டுவதற்கும் சர்வர் தேவைப்பட்டதால், டிஸ்க் வைத்திருந்தவர்களாலும் அதன்பின் விளையாட முடியவில்லை. எதிர்ப்பு கிளம்பியது, அடுத்து வந்த தி க்ரூ 2-க்கு ஆஃப்லைன் வசதி தருவதாக அந்த நிறுவனம் அதே வருடம் உறுதியளிக்க வேண்டி வந்தது. இசையில் மைஸ்பேஸ் சமூக வலைத்தளம், 2003 முதல் 2015 வரை ஏற்றப்பட்ட கோடிக்கணக்கான பாடல்களை சர்வர் மாற்றும்போது இழந்துவிட்டது என்பது 2019-இல் தெரியவந்தது. கேம் வாங்கும் முன் இணையம் இல்லாமல் ஓடுமா என்று பாருங்கள். ஜிஓஜி கேம் ஸ்டோர் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளும்படி இன்ஸ்டாலரையே தருகிறது. பிடித்த பாடல்களை பேண்ட்கேம்ப் போன்ற இடங்களில் ஃபிளாக் என்ற லாஸ்லெஸ் கோப்பாக வாங்கலாம். இரண்டையும் வேறொரு டிரைவில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.