குளிர்கடல் வண்டலில் நைட்ரஜன் இழப்பை அளப்பது எப்படி?

ஆறுகள் கொண்டுவந்து சேர்க்கும் நைட்ரேட்டில் ஒரு பகுதியைக் கடலடி வண்டலில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரஜன் வாயுவாக மாற்றிவிடுகின்றன. பால்டிக் கடலில் கோடையில் பெருகும் நீலப்பச்சைப் பாசிகளைப் போன்ற சிலவற்றைத் தவிர, மற்ற பாசிகளுக்கு அந்த வாயு பயன்படாது என்பதால் இதனை இழப்பு என்கிறோம். இதை அளப்பதற்கு லார்ஸ் பீட்டர் நீல்சன் 1992-இல் வெளியிட்ட ஐசோடோப்பு இணை முறையே தொடக்கநிலையினருக்கு ஏற்றது.

படி 1: அக்ரிலிக் குழாயைச் சேற்றில் செங்குத்தாக இறக்கி, வண்டலை அதன் மேலுள்ள நீரோடு சேர்த்து எடுக்கவும். கரையோர வண்டலில் ஆக்சிஜன் பெரும்பாலும் சில மில்லிமீட்டர் ஆழமே இறங்குகிறது. நைட்ரேட் வாயுவாவது அதற்குச் சற்றுக் கீழே. ஆகவே மேற்பரப்பு கலங்கிப்போன குழாயைத் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

படி 2: கடலடி நீர் 4 டிகிரி செல்சியஸ் என்றால், குழாய்களும் இறுதிவரை அதே 4 டிகிரியில், இருட்டில் இருக்க வேண்டும். சூடேறினால் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனை விரைவாகச் செலவிடும். பிறகு நீங்கள் அளப்பது அந்தக் கடலின் வேகத்தை அல்ல.

படி 3: நைட்ரஜன்-15 (சாதாரண நைட்ரஜன்-14-ஐ விடச் சற்றுக் கனமான ஐசோடோப்பு) கொண்ட நைட்ரேட்டை மேல்நீரில் கலந்து, அது ஆக்சிஜனற்ற அடுக்கை எட்டும் வரை பொறுத்திருந்து, காற்றுக்குமிழ் இல்லாமல் மூடி, வண்டல் கிளம்பாதபடி காந்தக் கலக்கியால் நீரை மெல்லச் சுழற்றவும். குளிரில் வாயு மெதுவாகச் சேர்வதால் அவசரம் உதவாது.

படி 4: இடைவெளி விட்டு ஒவ்வொரு குழாயாகத் திறந்து, மேல் வண்டலை நீரோடு கலக்கி, குப்பியில் ததும்ப நிரப்பி, துத்தநாகக் குளோரைடு சேர்த்து நுண்ணுயிர்ச் செயலை நிறுத்தவும். அது நச்சு, கையுறை கட்டாயம்.

படி 5: வாயுக்களை நிறைவாரியாகப் பிரித்தளக்கும் நிறைமாலைமானி 29 (ஒரு நைட்ரஜன்-15 அணு கொண்டது), 30 (இரண்டு கொண்டது) ஆகிய நிறைகளுடைய நைட்ரஜன் வாயுக்கள் உருவாகும் வேகத்தைத் தரும். எடுத்துக்காட்டாக அவை முறையே 6, 4 என்று கொள்வோம். சேர்த்த நைட்ரேட்டிலிருந்து வந்தது 6 + (2 × 4) = 14. அதை 6 ÷ (2 × 4) ஆல் பெருக்கினால் இயற்கை நைட்ரேட்டின் பங்கு 10.5.

அனமாக்ஸ் பாக்டீரியாக்கள் அம்மோனியத்தையும் நைட்ரைட்டையும் இணைத்து அதே வாயுவை உண்டாக்கும் இடங்களில் இக்கணக்கு பிசகும். டென்மார்க்குக்கும் நார்வேக்கும் இடையிலுள்ள ஸ்காகெராக் நீரிணையின் இரு இடங்களில் அவற்றின் பங்கு 24, 67 விழுக்காடு என்று 2002-இல் தெரியவந்தது. எனவே நைட்ரஜன்-15 அளவை மாற்றி மாற்றிச் சோதியுங்கள். அதை உயர்த்த உயர்த்த இயற்கைப் பங்கும் உயர்ந்தால், அனமாக்ஸுக்கெனத் திருத்தப்பட்ட சமன்பாட்டையே பயன்படுத்த வேண்டும்.